பின்வரிசைப் பாயில் அமர்ந்தவர்கள்: காவிரிப்படுகைச் சபையொன்றின் நிகழ்வு ஆய்வு

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்து லூத்தரன் சபையில் 2022 ஜூன் முதல் 2024 பிப்ரவரி வரை நடந்தவற்றை, அக்காலத்தில் அங்கே ஆயராக இருந்த நான் இங்கே பதிவு செய்கிறேன். ஜார்க்கண்டிலிருந்து அரிசி ஆலை வேலைக்கு வந்த 11 பேர் எங்கள் ஆராதனையில் வந்து அமர்ந்ததும், அவர்களை யாரென்று அறியாமல் நாங்கள் நடந்துகொண்ட விதமும், பின்னர் ஒரு மேளத்தை முன்னிட்டுச் சபை இரண்டுபட்டதும், அது எந்த அளவுக்குத் தீர்ந்தது என்பதுமே இதன் பொருள். ஊரையும் ஆலையையும் ஆட்களையும் பெயரிட்டுச் சொல்லவில்லை. பிழைகளில் பெரும்பாலானவை என்னுடையவை என்பதால், அவற்றை என்னுடையவை என்றே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

டேனியர் 1620இல் காலூன்றிய தரங்கம்பாடியில், 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானிய மிஷனெரிகள் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு வந்து இறங்கினர். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சீகன்பால்கு, வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார் என்பதை இப்பகுதிக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டுவிடுவார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டு, தம் 36ஆம் வயதில் இறந்த அவரை அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர்.

எங்கள் சபையில் ஏறக்குறைய 70 குடும்பங்கள். மிகப் பெரும்பாலோர் பண்ணையாட்களாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பண்ணையில் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் அவர்களுக்கு வரலாற்றுப் பாடமல்ல, தாத்தா வாயால் கேட்டறிந்த குடும்பச் செய்தி. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 9ஐ ஒட்டிய ஞாயிறன்று, ஒரு பையனுக்குக் கறுப்பு அங்கி மாட்டி, ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி, அவன் அதில் ‘அ’ எழுதுவதாக ஒரு நாடகம் நடப்பது வழக்கம். நானே ஆறு முறை அதற்குத் தலைமை தாங்கியிருக்கிறேன்.

ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நவீன அரிசி ஆலை இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும் மேட்டூர் அணை, 2022இல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. குறுவை கூடுதலாக வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆலையும் ஆட்களைக் கூட்டியது. மூட்டை ஏற்றவும், கொதிகலனுக்கு உமி தள்ளவும், களம் பெருக்கவும் ஒரு தரகர் மூலம் வந்தவர்களில் எட்டு ஆண்களும் மூன்று பெண்களும்தான் இந்தப் பதிவுக்கு உரியவர்கள்.

முதல் வாரங்கள்: ஜூன், ஜூலை 2022

ஜூன் இரண்டாம் ஞாயிறு அவர்கள் வந்தபோது பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. நம் ஊர்க் கோயில்களில் பெஞ்சுகளுக்குப் பெயர் எழுதியிராது என்றாலும் எந்தக் குடும்பம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலயப் பணியாளரான கோயில் பிள்ளை, மணிக்கயிறு தொங்கும் மூலையில் ஒரு கோரைப் பாயை விரித்தார். அவர்கள் செருப்புகளை வெளியே ஒரே வரிசையில் விட்டு வந்து அதில் அமர்ந்தனர். பெண்கள் முக்காடிட்டனர். பாவ அறிக்கையின்போது முழங்காற்படியிட்டனர்; சுவிசேஷ வாசிப்புக்கு எழுந்தனர். தமிழ் தெரியாதவர்களுக்கு ஆராதனை முறையில் எங்கே எழ வேண்டும், எங்கே பணிய வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பீடத்தில் நின்று அதைக் கண்ணால் கண்டும், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மாதச் சபைச் சங்கக் கூட்டத்தில் ‘வடநாட்டார் மத்தியில் சுவிசேஷ ஊழியம்’ என்று ஒரு தீர்மானம் எழுதி, இந்திக் கைப்பிரதிகள் வாங்க 1,500 ரூபாய் ஒதுக்கினோம். ஜூலை 10, ஞாயிறு. மணல் நாடகம் முடிந்து எல்லோரும் கைதட்டிய சற்று நேரத்துக்கெல்லாம், வாலிபர் சங்கத்தார் பாயருகே சென்று கைப்பிரதிகளைக் கொடுத்தனர். அந்தக் குழுவில் மூத்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், இரு கைகளாலும் அதை வாங்கி, நின்றபடியே கடைசி வரி வரை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தம் துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அட்டை போன இந்திப் பாட்டுப் புத்தகம். அதன் முதுகு, ஆலையில் சாக்கு தைக்கும் நூலால் தைக்கப்பட்டிருந்தது. ஒரு விரலைத் தம் மார்பில் வைத்து, பிறகு ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார்.

எங்கள் சபையில் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் உண்டு. ஜார்க்கண்டில், ராஞ்சிப் பக்கம் மூன்று ஆண்டுகள் இருந்தவர். அவர்தான் வந்து கேட்டுச் சொன்னார்: “இவரோட கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா ஞானஸ்நானம் வாங்கினவராம், ஐயா. நம்மளப் போல இவங்களும் லூத்தரன்தானாம்.”

யார் என்று தெரிந்தபின்

கொஸ்னர் என்ற ஜெர்மானியப் போதகர் அனுப்பிய நால்வர், 1845 நவம்பர் 2 அன்று ராஞ்சியை அடைந்தனர். ஐந்தாண்டுகள் ஒருவரும் சேரவில்லை; 1850 ஜூன் 9 அன்று ஓராவன் பழங்குடியைச் சேர்ந்த நால்வர் முதல் ஞானஸ்நானம் பெற்றனர். பின்னர் முண்டா என்னும் பழங்குடியினரும் பெருந்திரளாகச் சேர்ந்தனர். முதல் உலகப் போரில் ஜெர்மானிய ஊழியர்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தச் சபை தனித்து நிற்கும்படி ஆயிற்று. 1919இல் சுயாதீனத் திருச்சபையாயிற்று. அதே போரால், அதே காரணத்தால், அதே 1919இல் உருவானதே தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை. ஒரே மரத்தின் இரு கிளைகள் என்று சொன்னால் மிகை ஆகாது. இவ்வளவும் நான் இறையியல் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுதிய செய்திகள். படித்தது பாயில் வந்து உட்கார்ந்தபோது அடையாளம் தெரியவில்லை.

பதினொருவரில் ஆறு பேர் குரூக் பேசும் ஓராவன்கள். ஐந்து பேர் முண்டாரி பேசும் முண்டாக்கள்.

இந்த இடத்தில் எடுத்த முதல் முடிவு, ஒதுக்கிய தொகையைத் திரும்பப் பெற்று, எதையும் கொடுப்பதற்கு முன் கேட்பது என்பதாகும். இதற்கு முன்மாதிரி எங்கள் வீட்டிலேயே இருந்தது. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி ஊழியர்கள், தமிழரின் சமயம், வழக்கம், வாழ்க்கை பற்றிக் கேள்விகளைக் கடிதமாக எழுதித் தமிழறிஞர்களுக்கு அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தனர். சீகன்பால்கை நாங்கள் கற்பித்தவராகவே கொண்டாடினோமே தவிர, கேட்டவராக நினைத்துப் பார்க்கவில்லை.

பாயை எடுக்கச் சொன்னவர் நானல்ல. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், ஆராதனை முடிந்து வாசலில் என்னை நிறுத்தி, “எங்க மாமியார உக்கார வெச்ச எடம் அதுதான் ஐயா, அந்த மணிக்கயத்து மூலை. அங்க போயி பாய விரிச்சிருக்கீங்களே” என்றார். பிற சாதிக் கிறிஸ்தவர்கள் மிகுந்திருந்த தாய்ச்சபைக்கு அவர் மாமியார் போய்க்கொண்டிருந்த காலத்தைச் சொன்னார். கோயில் பிள்ளை நல்ல எண்ணத்தில் செய்தது அது. இடம் இல்லாததால் செய்தது. ஆனால் அந்த அம்மாளின் கண்ணுக்கு அந்த மூலை வெறும் மூலையாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு தம் குடும்பப் பெஞ்சில் தாமே நகர்ந்து மூன்று பெண்களுக்கும் இடம் கொடுத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தனர்; நான் அறிவிப்புச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மொழி வகுப்பும் இந்திக்கு எழுந்த எதிர்ப்பும்: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

மாதம் ஒருமுறை இந்தியில் ஒரு வேதவாசிப்பு வைக்கலாம் என்று நான் முன்மொழிந்தபோது சங்கத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. “ரேசன் கடையில, பேங்க்ல, ரயில்ல எல்லாம் வந்தாச்சு. கோயில்லயுமா?” என்று கேட்டவர், 1965 போராட்டத்தில் தம் அண்ணன் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர். அதை வெறும் பிடிவாதம் என்று நான் எழுத மாட்டேன். அவில்தாரைக் கொண்டு தொழிலாளர்களிடமே கேட்டபோதுதான், இந்தி அவர்களுக்கும் வீட்டு மொழியல்ல என்பது தெரிந்தது. அது அவர்களுக்குப் பள்ளியின் மொழி, பஜாரின் மொழி, மிஷனெரிகள் வைத்துவிட்டுப் போன கோயிலின் மொழி. முண்டாரியில் முழு வேதாகமம் நொட்ரொட் என்ற மிஷனெரியின் உழைப்பால் 1910இலேயே வந்துவிட்டது என்றாலும், தம் ஊர்ச் சபையில் வாசிப்பது இந்தியில்தான் என்று முண்டா இளைஞர் ஒருவர் சொன்னார். அதில் அவருக்கும் சிறு மனக்குறை இருந்தது. எதிர்த்தவருக்கு அதைக் கேட்டபின் சினம் பாதி தணிந்தது.

எனவே இந்தியை விட்டுவிட்டு, ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கோயில் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம், அவர்கள் ஐந்து வாக்கியம் நமக்குச் சொல்லித்தர, நாம் ஐந்து வாக்கியம் அவர்களுக்குச் சொல்லித்தருவது என்று முடிவாயிற்று. முதலில் அவர்கள், பிறகு நாம். இந்த வரிசையை ஆசிரியைதான் வற்புறுத்தினார். 80 பக்கக் கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி கிழித்து, தமிழ், குரூக், முண்டாரி என்று எழுதிவைத்தார்.

இரண்டாம் வகுப்பிலேயே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஓராவன் பெண்ணொருத்தி தன் கண்ணைத் தொட்டு, தொண்டையைச் சற்றே உரசும் ஒலியோடு ‘ஃகன்’ என்றாள். பல்லைத் தொட்டு ‘பல்’ என்றாள். நான் என்பதற்கு ‘ஏன்’, நீ என்பதற்கு ‘நீன்’. குரூக், மால்தோ, பிராகுயி மூன்றும் வடதிராவிட மொழிகள் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டவர் அவர். மூன்றில் ஒன்று உயிரோடு எதிரில் அமர்ந்து பல்லைத் தொட்டுக் காட்டுவதை அன்றுதான் கண்டார். அன்று வகுப்பு ஆறரை வரை நீண்டது. முண்டாரி வேறு குடும்பத்து மொழி என்பதால் முண்டா இளைஞர்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து, இது என்ன கூத்து என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்கும் அன்று கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும், தவறவிட்டோம்.

நாம் அவர்களுக்குச் சொல்லித்தந்த வாக்கியங்களை அவர்களே தேர்ந்தெடுத்தனர். ‘எத்தனை மூட்டை?’, ‘சம்பளம் எப்போ?’, ‘காய்ச்சலா இருக்கு’, ‘இவ்வளவுதான் எழுதியிருக்கீங்க’. கடைசி வாக்கியம் ஆலை மேஸ்திரியின் வருகைப் பதிவேட்டைப் பற்றியது.

செப்டம்பரில் ஒரு சறுக்கல் நிகழ்ந்தது. சபையின் உதவி நிதியிலிருந்து ஆளுக்கு ஐந்து கிலோ அரிசியும் ஒரு வேட்டி அல்லது சேலையும் ஆராதனை முடிவில் பெயர் சொல்லி அழைத்துக் கொடுத்தோம். அடுத்த இரு ஞாயிறும் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தபோது, காணிக்கை நேரத்தில் மூத்தவர் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து தட்டின் பக்கத்தில் வைத்தார். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்த அரிசி, மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தம் ஊர்ச் சபையில் பெண்கள் அப்படித்தான் செய்வார்களாம். பொருளாளர் ரசீதில் என்ன எழுதுவதென்று விழித்தார். முன்வரிசையிலிருந்த கிழவிகள்தாம், “பிடியரிசி! நம்ம கோயில்ல இருந்ததுதானே, எப்ப நின்னுச்சு?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டனர். எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வாங்குகிறவர்களாக மட்டும் அவர்களை நிறுத்தியதுதான் அந்த இரு ஞாயிறுகளின் காரணம் என்பதை, அவர்கள் வாயால் சொல்லாமலே நாங்கள் அறிந்தோம்.

ஒரே நாளில் இரண்டு நினைவுகள்: 2 நவம்பர் 2022

அக்டோபர் 30, சீர்திருத்த ஞாயிறன்று, கர்த்தரைக் கோட்டையாகப் போற்றும் லூத்தரின் பாட்டை நாங்கள் தமிழில் தொடங்க, அவர்கள் அதே மெட்டில் இந்தியில் பாடி முடித்தனர். அன்று யாரும் முணுமுணுக்கவில்லை.

மூன்று நாளில் நவம்பர் 2. நமக்குக் கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர்களை நினைத்து அழும் நாள். அவர்களுக்கோ ராஞ்சிக்கு நற்செய்தி வந்த நாள். பாடிக் கொண்டாடும் நாள். ஆலையில் அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கி அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கே வந்து எங்களோடு புல் செதுக்கினர். மாலையில் தாழ்வாரத்தில் அவர்கள் பாடியதை எங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் போய்க் கேட்டோம். எளிதாகக் கடந்த நாள் என்பதால் இதை விரித்து எழுதவில்லை.

மேளம்: டிசம்பர் 2022

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மாந்தர் வாசித்து ஆட விரும்புவதாக டிசம்பர் தொடக்கத்தில் கேட்டனர். மாந்தர் என்பது அவர்களுடைய இருமுக மேளம். கழுத்தில் தொங்கவிட்டு இரு கைகளாலும் அடிப்பது. அந்தப் பெயர் தமிழ்க் காதுக்கு மனிதர் என்று கேட்டதால் எங்கள் வாலிபர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஊருக்குப் போய்வந்த ஒருவர் அதை ரயிலில், போர்வையில் சுற்றி, இரண்டு இரவுகள் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

எழுபது வயது மூப்பர் ஒருவர் எழுந்து, கோயில் வளாகத்தில் மேளம் கூடாது என்றார். காரணம் கேட்டபோது உட்கார்ந்துவிட்டார். இதை நான் இசை பற்றிய பழமைவாதம் என்று எடுத்துக்கொண்டேன். பண்பாட்டுக்கு மதிப்பளிப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். ஐந்துக்கு நான்கு என்று வாக்கு விழுந்தது. ஆராதனைக்குப்பின், வெளியே, புங்கமரத்தடியில் வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. டிசம்பர் 25 ஞாயிறாகவே வந்தது. மேளம் நன்றாக இருந்தது. எங்கள் பெண்களும் கைகோத்து வட்டத்தில் ஆடினர். மூப்பரும் அவர் உறவினர் நான்கு குடும்பங்களும் அன்று கோயிலுக்கு வரவில்லை. அவர்கள் இல்லாத பண்டிகை அந்தச் சபையில் அதற்குமுன் நடந்ததில்லை.

ஜனவரியில் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நெடுநேரம் கழித்தே பேசினார். அவருடைய தந்தை, மிராசுதார் வீட்டில் சாவு விழுந்தால் இரவென்றும் பகலென்றும் பாராமல் பறையோடு போக வேண்டியவர். போகாவிட்டால் களத்து நெல் நிற்கும். ஞானஸ்நானம் பெற்றபின்னும் அழைப்பு வந்தது. ஒருநாள் அவர் பறையை அடுப்பில் வைத்தார். அந்த ஆண்டு முழுவதும் குடும்பம் கூலி வேலைக்கு வேற்றூர் போக நேர்ந்தது. “கையிலேர்ந்து அத எறக்கி வெக்க எங்கப்பன் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்க அத கோயில் வாசல்ல கொண்டாந்து வெச்சிட்டு, கலாச்சாரம்னு சொல்றீங்க.”

இதைக் கேட்டபின் என் ஐந்து நிமிடப் பேச்சை நினைத்துக் கூசினேன். தஞ்சைச் சபையின் பழைய வழக்கொன்று அப்போது நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாக வந்த மிஷனெரிகள் தமிழ்க் கீர்த்தனைகளையும் சில வழக்கங்களையும் விலக்க முற்பட்டபோது, கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) அதை எதிர்த்து வாதாடினார். அதே எதிர்ப்பில்தான் கோயிலில் சாதிவாரியாக அமரும் வழக்கத்துக்கும் ஆதரவு தேடினார். பண்பாட்டைக் காத்த கையும் சாதியைக் காத்த கையும் ஒரே கையாக இருந்தது. ஆகவே, ‘இது நம் பண்பாடு’ என்ற வாதம் ஒருவர் காதில் இசையாகவும் மற்றவர் காதில் அழைப்பாணையாகவும் விழக்கூடும் என்பதை, இந்த மாவட்டத்தில் ஊழியம் செய்யும் எவரும் அறிந்திருக்க வேண்டும். நான் அறிந்திருந்தேன், ஆனால் இந்த வழக்கில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. ஓராவன் மேளத்தை ‘அவர்கள்’ பண்பாடாக மட்டுமே பார்த்ததால், அது யார் வாசலில் ஒலிக்கிறது என்று யோசிக்கவில்லை.

அவர் சொன்னதைத் தொழிலாளர்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சொல்லவில்லை.

வதந்தி: மார்ச் 2023

பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் மார்ச் முதல் வாரத்தில் பரவின. தமிழ்நாடு காவல்துறை அவற்றை மறுத்தது. பீகார் அரசின் குழுவொன்று நேரில் வந்து விசாரித்துச் சென்றது. ஆனால் அதற்குள் வீட்டிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. மார்ச் 5, ஞாயிறன்று ஆராதனைக்கு மூவர் மட்டுமே வந்தனர்.

மாலையில் நானும் அவில்தாரும் ஆசிரியையும் ஆலைக் கொட்டகைக்குப் போனோம். மூட்டைகள் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டித் தயாராக இருந்தன. போகாதீர்கள் என்று சொல்வதில்லை என வழியிலேயே முடிவு செய்திருந்தோம். அச்சம் அவர்களுடையது, உயிரும் அவர்களுடையது. போக விரும்புவோரைப் பாதுகாப்பாக ரயிலேற்றுவது, இருக்க விரும்புவோரின் வீட்டாரிடம் பேசுவது, இவை இரண்டும்தான் எங்கள் வேலை. ஆசிரியை ஓர் இளம்பெண்ணின் தாயோடு காணொளி அழைப்பில், நோட்டிலிருந்த நான்கு குரூக் வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். அந்தத் தாய் சிரித்துவிட்டாள். அன்றைய கொட்டகையில் கேட்ட முதல் சிரிப்பு அது. இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் ஊர்ப் போதகரோடு அவில்தார் பேசினார்.

நால்வர் போவதென்று முடிவு செய்தனர். மூன்று வாரக் கூலி பாக்கி இருந்தது. தரகர், பிறகு அனுப்புவதாகச் சொன்னார். மறுநாள் காலை நான் ஆலைக்குப் போய்ச் சேருமுன்பே மூப்பரின் சைக்கிள் அங்கே நின்றது. அவரை யாரும் அழைக்கவில்லை. ஆலை அலுவலகத்தின் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, பாக்கியைக் கொடுக்கும்வரை எழுவதில்லை என்றார். நண்பகலுக்குமேல் பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. திரும்பும் வழியில் என்னிடம், “பாக்கியோட ஊருக்குத் தொரத்துனது எங்கப்பனுக்கு நடந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

மேள வழக்கு தீர்ந்த விதம்: ஏப்ரல் முதல் ஜூலை வரை

கூலி வாங்கித் தந்தவருக்கு நன்றி சொல்ல, மீதி ஏழு பேரும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பின் அவர் வீட்டுக்குப் போயினர். அங்கே அவரே, அவில்தார் வாயிலாக, தம் தந்தையின் கதையைச் சொன்னார். நான் அங்கில்லை, இல்லாதது நல்லதாயிற்று. குழுவின் மூத்தவர் பதிலுக்குச் சொன்னதாகப் பின்னர் அறிந்தது இது: அவருடைய ஊரிலும் ஞானஸ்நானம் பெறும்போது மேளத்தைக் கைவிட வேண்டும் என்ற விதி தாத்தா காலத்தில் இருந்தது; ஒருவர் கைவிட்டதைப் பேரன்மார் ரகசியமாகத் திரும்ப எடுத்தனர். மூப்பர், மேளத்தை இறக்கி வைத்து மனிதரானவர் ஒருவரின் மகன். குழுவின் மூத்தவரோ, மேளத்தை எடுத்து மனிதரானவர் ஒருவரின் பேரன். ஒரே பொருள் இருவர் கையிலும் நேரெதிர்ப் பொருள் கொண்டிருந்தது.

ஜூனில் மூப்பர் சங்கத்தில் எழுந்து, மேளம் இருக்கட்டும், ஒரே ஒரு நிபந்தனை என்றார்: “யாரும் யாரையும் அடிக்கச் சொல்லக் கூடாது. அவங்களுக்கா தோணுனா அடிக்கட்டும்.” அதாவது நிகழ்ச்சி நிரலில் மேளம் இடம்பெறாது; விருந்தினர் வந்தாலும் சாவு விழுந்தாலும் எவரும் அவர்களைக் கேட்கக் கூடாது. எதிர்ப்பின்றி அது நிறைவேறியது. தீர்மானப் புத்தகத்தில் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் செய்தேன்.

2023 ஜூலை 9 ஞாயிறாக அமைந்தது. மணல் நாடகத்தில் அந்த ஆண்டு கறுப்பு அங்கி இல்லை. ஆசிரியை தாம்பாளத்தின் முன் அமர, ஓராவன் பெண் அவர் விரலைப் பிடித்துத் தன் மொழிச் சொல் ஒன்றை எழுதப் பழக்கினாள். ஆராதனைக்குப்பின் மேளம் ஒலித்தது. மூப்பர் வந்திருந்தார். புங்கமரத்துக்கு எதிர்ப்புறம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், ஆடவில்லை, கிளம்பவுமில்லை. அவர் உறவினரில் ஒரு குடும்பம் இன்றுவரை மேளம் ஒலிக்கும் நாளில் வருவதில்லை.

பின்விளைவு

அந்த ஆண்டு கர்நாடகத்திலிருந்து போதிய தண்ணீர் வரவில்லை. குறுவை பல இடங்களில் கருகியது. அக்டோபர் 10 அன்று மேட்டூர் அணை மூடப்பட்டது. சம்பாவும் சுருங்கியது. ஆலை ஒரே ஷிப்டுக்கு இறங்கியது. 2024 பிப்ரவரிக்குள் மேலும் நால்வர் வேறு வேலை தேடிப் போய்விட்டனர். சபை எவ்வளவு நெருங்கியிருந்தாலும், அவர்கள் இருப்பதும் போவதும் நெல்லைப் பொறுத்தது என்பதை நாங்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. எஞ்சியவர்கள் மூவர். பிடியரிசிக் கலயம் இப்போது கோயில் வாசலில் இருக்கிறது. எங்கள் வீடுகளிலிருந்தும் வருகிறது, ஒழுங்காக என்று சொல்ல முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் ஞாயிறே பெயரையும் ஊரையும் சபையையும் கேட்டிருக்க வேண்டும். அதற்கு அவில்தார் பத்தடி தூரத்தில் இருந்தார்.

மேளம் பற்றி வாக்கெடுப்புக்கு விட்டது பிழை. காரணம் சொல்லாமல் ஒரு மூப்பர் உட்கார்ந்துவிட்டால், காரணம் இல்லை என்று பொருளல்ல. கூட்டத்தில் சொல்ல முடியாத காரணம் என்றே கொண்டு, ஒத்திவைத்து, அவர் வீட்டுக்கு அன்றே போயிருக்க வேண்டும்.

தரகரின் பெயரும் எண்ணும் கூலிக் கணக்கும் வந்த மாதத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தால், மார்ச்சில் மூப்பர் பெஞ்சில் அரை நாள் உட்கார வேண்டியிருந்திராது. இப்போது எழுதி வைக்கிறோம்.

மொழி வகுப்பில் குரூக்கின்மேல் எங்களுக்கு உண்டான மோகத்தால் முண்டாரி பின்தங்கியது. உறவு மொழி என்ற மகிழ்ச்சியே, உறவல்லாத மொழிக்காரரை மறுபடியும் பாயோரத்தில் உட்கார வைத்துவிட்டது. இதை முண்டா இளைஞர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போதுதான், சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

ஆசிரியை எழுதிய நோட்டு இப்போது எங்களிடம் இல்லை. பிப்ரவரியில் கிளம்பிய ஓராவன் தம்பதியரிடம் அவரே அதைக் கொடுத்தனுப்பினார்; முதல் 11 பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். அந்த மாதமே ஆலைக்குப் புதிதாக இருவர் வந்தனர். இருவருமே முண்டாக்கள் என்பதால் அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி அவர்களுக்கு உதவவில்லை. ஆசிரியை வேறொரு நோட்டு வாங்கியிருக்கிறார்.